கத்தி வைக்குமுன் விரல் வைத்துப் பாருங்கள்

கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு வீடாகப் போய்வரும் தன்னார்வலர்களுக்கும், இயன்முறை மருத்துவர்களுக்கும் ஒரு திறந்த மடல்.

கால் தமனிகளில் அபூர்வமாக வரும் அனியூரிசத்தைப் பற்றி உங்களுக்குக் கடிதம் எழுதுவது முகவரி தவறிய காரியமாகத் தோன்றலாம். அதற்கான அறுவை சிகிச்சையை நீங்கள் செய்யப்போவதில்லை. சேலத்திலோ புதுச்சேரி ஜிப்மரிலோ சென்னையிலோ அந்தத் துறையில் பழகிய ஒருவர் செய்யப்போகிறார். ஆனால் அந்த அறுவையில் கால் நிலைக்குமா போகுமா என்பதில் பெரும்பங்கு, நோயாளியை மேசையில் படுக்கவைக்கும் முன்பே முடிவாகிவிடுகிறது. நம் மாவட்டத்தைப் பொறுத்தவரை அது கரியாலூரிலும் சேராப்பட்டிலும் கச்சிராயப்பாளையத்திலும் சங்கராபுரத்திலும் முடிவாகிறது. அதனால்தான் இந்த மடல் உங்களுக்கு. கேட்பது இரண்டே காரியம். காலிலோ தொடை இடுக்கிலோ பிட்டத்திலோ உள்ள எந்தக் கட்டியையும் கீறுவதற்கோ ஊசியால் உறிஞ்சுவதற்கோ நீவுவதற்கோ முன், அது துடிக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள். அறுபதைத் தாண்டிய ஆண்கள், அதிலும் பீடி பழக்கமுள்ளவர்கள், ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை வாங்க வருகிறபோது முழங்காலின் பின்மடிப்பில் ஒருமுறை நாடி பாருங்கள்.

தமனியின் சுவர் ஓரிடத்தில் நைந்து, சைக்கிள் டியூபில் ரப்பர் தேய்ந்த இடம் புடைப்பதுபோல், வழக்கமான அகலத்தைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் விரிந்துவிட்டால் அது அனியூரிசம். வயிற்றுப் பெருந்தமனியில் வருவதைப் பற்றித்தான் அதிகம் பேசப்படுகிறது. அங்கே பயமெல்லாம் வெடிப்பைப் பற்றி. காலில் வருவதன் போக்கு வேறு. கைகால்களின் தமனிகளில் வரும் புடைப்புகளில் பத்தில் ஏழு முழங்கால் மடிப்புத் தமனியில்தான் வருகின்றன. சாதாரணமாக ஏழெட்டு மில்லிமீட்டர் அகலமுள்ள இந்தக் குழாய் இரண்டு சென்டிமீட்டர், மூன்று சென்டிமீட்டர் என்று விரியும்போதும் அது வெடிப்பது மிக அபூர்வம். கெடுதல் உள்ளேயே நடக்கிறது. விரிந்த பைக்குள் ரத்தம் சுழன்று தேங்கி, சுவரோரமாக அடுக்கடுக்காக உறைகிறது. உறைந்ததிலிருந்து துணுக்குகள் பிய்ந்து கீழே போகின்றன. முழங்காலுக்குக் கீழே ரத்தம் மூன்று தமனிகளில் இறங்குகிறது. துணுக்குகள் ஒன்றை அடைத்தால் மற்ற இரண்டு ஈடுகட்டிக்கொள்ளும். நோயாளிக்கு ஒன்றும் தெரியாது. இரண்டாவதும் தூர்ந்தால், நடக்கும்போது கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது என்பார், அல்லது ஒரு கால்விரல் நுனி காரணமில்லாமல் கறுத்திருக்கும். பிறகு ஒருநாள் பை முழுவதும் உறைந்து அடைத்துக்கொள்ளும். அன்றைக்குக் கால் வெளுத்து, சில்லிட்டு, மரத்துப்போய் வந்து சேர்வார்.

இந்தக் கடைசி நாளுக்கு முன்பு அறுவை செய்வதற்கும் பின்பு செய்வதற்கும் உள்ள வித்தியாசத்துக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. சுவீடனில் நாடு முழுவதும் ரத்தநாள அறுவைகளைப் பதிவேட்டில் ஏற்றும் வழக்கம் பல பத்தாண்டுகளாக உண்டு. அங்கே 1987 முதல் 2002 வரை முழங்கால் மடிப்பு அனியூரிசத்துக்கு அறுவை செய்யப்பட்ட 717 கால்களின் கணக்கைத் தொகுத்து 2007இல் வெளியிட்டார்கள். தொந்தரவு தொடங்கிய பின் அறுவை செய்தவர்களில் ஓராண்டுக்குள் காலை இழந்தவர்கள் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர். எந்தத் தொந்தரவும் இல்லாதபோதே கண்டுபிடித்துச் செய்தவர்களில் அது நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு. நாடு அதே, நோய் அதே. பெரிதும் மாறியது நோயாளி வந்து சேர்ந்த நிலைதான். காரணமும் தெளிவானது. புடைத்த இடத்தைத் தாண்டி மாற்றுப் பாதை போட்டால், அந்தப் பாதை கொண்டுவரும் ரத்தம் கீழே இறங்குவதற்குத் திறந்த குழாய் வேண்டும். மூன்றும் தூர்ந்துபோன பிறகு எவ்வளவு நேர்த்தியாகத் தைத்தாலும் அந்தப் பாதை முட்டுச்சந்துக்குப் போட்ட சாலை மாதிரிதான். இந்தக் கணக்கு சுவீடனுடையது என்பதையும் மறக்கவில்லை. நல்ல சாலையும் அருகில் ஆஸ்பத்திரியும் உள்ள நாட்டிலேயே இந்த இடைவெளி என்றால், மலையிலிருந்து இறங்கிவர வேண்டியவர்களுக்கு அது சுருங்குவதற்கு வழியில்லை.

இந்த நோயின் அறுவை வரலாறு நீளமானது. அதில் ஒரு கட்டத்தை மட்டும் சொல்ல வேண்டும். 1785 டிசம்பரில் லண்டன் செயின்ட் ஜார்ஜ் ஆஸ்பத்திரியில் ஜான் ஹன்டர், முழங்கால் மடிப்பில் அனியூரிசம் இருந்த 45 வயதுக் குதிரைவண்டிக்காரர் ஒருவரின் தொடையைத் திறந்து, புடைப்புக்கு வெகு மேலே, தமனி நன்றாக இருந்த இடத்தில் கட்டுப் போட்டு ரத்த ஓட்டத்தை நிறுத்தினார். அதுவரை பெரும்பாலும் வழக்கத்தில் இருந்த வழி இரண்டுதான்: தொடையோடு காலை வெட்டுவது, அல்லது பையையே திறந்து, நைந்த சுவரில் கட்டுப்போட்டு, கட்டு அறுத்துக்கொண்டு ரத்தம் பீறிடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது. ஹன்டரின் நோயாளி ஆறு வாரத்தில் தன் காலாலேயே நடந்து வெளியேறினார். பதினைந்து மாதம் கழித்து வேறொரு காய்ச்சலில் அவர் இறந்தபோது, ஹன்டர் அந்தக் காலை வாங்கி அறுத்துப் பார்த்து, பெருவழி அடைபட்ட பின் சிறு கிளைகள் விரிந்து ரத்தத்தைக் கொண்டுபோயிருப்பதைக் காட்டினார். கிளைகள் இப்படி விரிய நாளாகும் என்பதுதான் இதில் நமக்கு வேண்டிய செய்தி. மெல்ல மெல்ல அடைபடும் காலுக்கு அந்த அவகாசம் கிடைக்கிறது. ஓரிரவில் அடைபடும் காலுக்குக் கிடைப்பதில்லை. 1906இல் மாட்ரிட் நகரில் ஹோஸே கோயானெஸ் என்பவர் இதே இடத்துப் புடைப்புக்கு நோயாளியின் சிரையையே பாதையாக வைத்துத் தைத்தார். இன்றைய அறுவைக்கு அதுதான் மூலம்.

இன்றைய அறுவையை உங்கள் நோயாளிக்கு நீங்கள்தான் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கும். எனவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வழி மூன்று. முதலாவது, காலின் உட்பக்கமாகத் திறந்து, புடைப்புக்கு மேலும் கீழும் தமனியைக் கட்டிவிட்டு, கணுக்காலின் உள்பக்கத்திலிருந்து தொடை வரை ஓடும் நீண்ட மேற்சிரையை எடுத்து மாற்றுப் பாதையாகத் தைப்பது. பழகிய வழி, நீண்ட புடைப்புக்கும் ஏற்றது. ஆனால் கட்டி வைத்த பைக்குள் முழங்காலைச் சுற்றியுள்ள சிறு கிளைகள் வழியாக ரத்தம் திரும்பவும் கசிந்து, பை வளரலாம். அதே சுவீடன் குழுவினர் பின்னாளில் பரிசோதித்தபோது இப்படிச் செய்த கால்களில் மூன்றில் ஒன்றில் பை பெரிதாகியிருந்தது. இரண்டாவது, நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து மடிப்பையே திறந்து, பையைப் பிளந்து, கசியும் கிளைகளின் வாயை உள்ளிருந்தே தைத்து மூடி, நடுவில் ஒரு துண்டுச் சிரையை வைப்பது. பை மடிப்போடு நின்றிருந்தால் இதுவே சுத்தமான வேலை. மூன்றாவது, தொடைத் தமனி வழியாக உறை போட்ட ஸ்டென்ட்டை உள்ளே விட்டு விரிப்பது. பெரிய காயமில்லை, மயக்கமருந்து ஆபத்து குறைவு, வயதானவர்களுக்கும் இதய பலவீனம் உள்ளவர்களுக்கும் வரம். ஆனாலும் ஒருநாளில் எத்தனை முறை முழங்கால் மடங்குகிறது என்று நம் ஊர் வாழ்க்கையை வைத்துக் கணக்குப் போட வேண்டும். சம்மணமிட்டுச் சாப்பிடுவது, குத்துக்காலிட்டுக் களை எடுப்பது, மரவள்ளிக் காட்டுக்கு ஏறி இறங்குவது என்றே நாள் போகிற ஒருவரின் முழங்காலில் உலோக வலை மடங்கி மடங்கி முறியவும் அடைக்கவும் வாய்ப்பு அதிகம். அமெரிக்க ரத்தநாள அறுவை மருத்துவர் சங்கத்தின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டுதலும், இன்னும் ஐந்தாண்டாவது வாழக்கூடியவர், நல்ல சிரை உள்ளவர் என்றால் திறந்த அறுவையையே முதலில் சொல்கிறது. 'ஸ்டென்ட் வைத்தால் நாளைக்கே வீட்டுக்குப் போகலாமாமே' என்று கேட்டு வருபவருக்கு இதைப் பொறுமையாகச் சொல்ல ஊர்க்காரரான உங்களால்தான் முடியும்.

இனி தூரம். ரத்தம் அறவே நின்ற காலில் நரம்பும் தசையும் நாலைந்து மணி நேரத்தில் கெடத் தொடங்கி, ஆறு மணி நேரத்துக்குப் பிறகு மீள்வது கடினமாகிவிடும். வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்ட கல்வராயன் மலை வட்டத்தில், பேருந்துச் சாலைக்கு வந்துசேரவே நெடுநேரம் நடக்க வேண்டிய குக்கிராமங்கள் உண்டு. டோலி கட்டித் தூக்கிவந்த செய்திகளை நீங்கள் நேரிலேயே அறிவீர்கள். சாலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல், அங்கிருந்து சேலத்துக்கு எண்பது கிலோமீட்டருக்கு மேல். 2019இல் மாவட்டம் பிறந்தது, 2022 ஜனவரியில் சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. இவை சிறிய ஆதாயங்கள் அல்ல. ஆனாலும் 2024 ஜூனில் கருணாபுரத்துக் கள்ளச்சாராயம் அறுபதுக்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்தபோது, நோயாளிகளை முண்டியம்பாக்கத்துக்கும் சேலத்துக்கும் ஜிப்மருக்கும் பிரித்து அனுப்ப வேண்டியிருந்தது. அதற்கடுத்த மாதம் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் நிலை பற்றித் தானாகவே வழக்கு எடுத்துக்கொண்டது. சாலையும் ஆஸ்பத்திரியும் மெல்ல வரட்டும். அதுவரை, ஆறு மணி நேரக் கடிகாரம் ஓடத் தொடங்காமல் பார்த்துக்கொள்வதே நம்மால் ஆகக்கூடிய காரியம். அந்தக் கடிகாரம் ஓடத் தொடங்கிய பிறகு மலைக்காரருக்கு நேரம் போதாது என்று துணிந்தே சொல்லலாம்.

இதுவரை சொன்னது வயதானவர்களின் நோய். வேலை செய்யும் வயதுக்காரர்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் வருவது இன்னும் அபூர்வமான வகை, இன்னும் எளிதில் ஏமாற்றும் வகை. கரும்பு வெட்டும்போது கத்தி கெண்டைக்காலில் இறங்கியது. தையல் போட்டு ஆறியும் விட்டது. மூன்று வாரம் கழித்து அதே இடத்தில் கட்டி. அது சீழாக இருக்கலாம். தமனிச் சுவரில் பட்ட சிறு ஓட்டையிலிருந்து ரத்தம் கசிந்து, சுற்றியுள்ள தசையே சுவராகி நிற்கும் போலி அனியூரிசமாகவும் இருக்கலாம். மூங்கில்துறைப்பட்டும் கச்சிராயப்பாளையமும் ஆலை வைத்துக் கரும்பு அரைக்கும் மாவட்டத்தில் இது கற்பனை அல்ல. எலும்பு முறிவுக்குத் தகடும் திருகும் வைத்த பின்னும் இப்படி வரும். இதய ஆஞ்சியோகிராமுக்குத் தொடை இடுக்கில் ஊசி போட்ட இடத்திலும் வரும். கடைசியாகச் சொன்னதில் சிறியவை ஸ்கேன் பார்த்தபடியே அழுத்தியோ உறையவைக்கும் மருந்தை ஊசியால் செலுத்தியோ அடங்கிவிடும், கத்தியே வேண்டாம். பதினைந்து வயதுப் பையனுக்குத் தொடை எலும்பின் கீழ்முனையில் வளரும் எலும்பு முனைப்பு, ஓடியாடும்போது தமனியை உராய்ந்து உராய்ந்து ஓட்டை போடுவதுண்டு. வாத இதய நோயில் வால்வில் கிருமி குடியேறியவருக்கு, அங்கிருந்து உதிர்ந்த கிருமித் துணுக்கு முழங்காலுக்குக் கீழ் ஒரு சிறு தமனியில் தங்கிச் சுவரை அரித்துப் புடைக்கவைக்கும். நெடுநாள் காய்ச்சலும் கெண்டைக்காலில் வலிக்கும் கட்டியும் சேர்ந்து வந்தால் ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சிலும் வையுங்கள். இவருக்குச் செயற்கைக் குழாய் வைக்கக் கூடாது. கிருமி அதிலும் ஏறும். வாரக்கணக்கில் ஆன்டிபயாட்டிக் கொடுத்து, கெட்டுப்போன துண்டை எடுத்துவிட்டு, மற்ற இரண்டு தமனிகளும் நன்றாக ஓடினால் இதை வெறுமனே கட்டிவிடவும் செய்யலாம்.

எல்லாவற்றிலும் அபூர்வமானது பிட்டத்தில் வருவது. கரு வளரும்போது காலுக்கு ரத்தம் கொண்டுபோவது இடுப்பின் பின்புறமாக இறங்கும் ஒரு தமனி. பிறக்கும் முன் அது சுருங்கி, தொடையின் முன்புறத் தமனி பொறுப்பை ஏற்றுக்கொள்கிறது. பத்தாயிரத்தில் மூன்று நான்கு பேருக்கு மேல் இல்லை என்று சொல்லத்தக்க சிலருக்கு மட்டும் பழைய தமனி அப்படியே தங்கிவிடும். உட்காரும்போதெல்லாம் எலும்புக்கும் பலகைக்கும் நடுவில் நசுங்குவதால் பிட்டத்தில் புடைத்துக்கொள்ளும். கூடவே ஓடும் பெருநரம்பை அழுத்தி, இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் வலியைத் தரும். ஊசி போட்ட இடத்தில் கட்டியிருக்கிறது என்று சொல்லிக்கொண்டு வருகிறவர் பழக்கமான காட்சி. அந்தக் கட்டி துடித்தால் நில்லுங்கள். தொடை இடுக்கில் நாடி கிடைக்காமல் முழங்கால் மடிப்பில் மட்டும் கிடைத்தால் சந்தேகம் உறுதிப்படும். உங்கள் பணிக்காலம் முழுவதும் இப்படி ஒருவரைப் பார்க்காமலே போகலாம். பார்த்த அன்று கத்தியை வைத்துவிட்டால், அந்தச் சிறு அறையில் ரத்தத்தை நிறுத்த உங்களிடம் எதுவும் இருக்காது.

விரல் வைப்பதற்கும் முறை இருக்கிறது. மணிக்கட்டில் பார்ப்பதுபோல் முழங்கால் மடிப்பில் பார்த்தால் நாடி அகப்படாது. நோயாளியை மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலைச் சற்றே மடக்கி, தளர்வாக விடச் சொல்லுங்கள். இரண்டு கட்டைவிரல்களும் முட்டிச்சில்லின் மேல், மற்ற எட்டு விரல்நுனிகளும் பின்மடிப்பின் நடுவில். கீழ்க்கால் எலும்பின் பின்பக்கத்தோடு சேர்த்து மெதுவாக அழுத்துங்கள். சாதாரணக் காலில் ஆழத்தில் ஒரு மெல்லிய துடிப்பு தேடிக் கிடைக்கும்; பருமனானவரிடம் கிடைக்காமலும் போகும். தேடவே வேண்டாம், கை வைத்ததும் அகலமாக, பலமாக அடிக்கிறது என்றால் அதுவே சந்தேகத்துக்குப் போதும். விரல்கள் மேலே தள்ளப்படுவது மட்டும் போதாது. அடிக்கு அடி இரு பக்கமும் விலகுகின்றனவா என்று பாருங்கள். தமனிக்கு மேல் உட்கார்ந்திருக்கும் சாதாரணக் கட்டி விரலைத் தூக்கும், விலக்காது. கட்டியின் மேல் ஸ்டெதாஸ்கோப் வைத்து இரைச்சல் கேட்கிறதா என்றும் பார்க்கலாம். துடிக்காத கட்டி எல்லாம் பயமற்றது என்றும் நினைத்துவிட வேண்டாம். உள்ளே முழுவதும் உறைந்த பை கெட்டியாக, அசைவற்றுக் கிடக்கும். அப்போது பாதத்தின் மேலும் கணுக்காலின் உட்பக்கத்திலும் நாடி இல்லாமை உங்களுக்குச் சொல்லும். ஒரு கால் மட்டும் வீங்கி, நரம்பு சுருட்டிக்கொண்டது என்று வருபவரிலும், மடிப்பிலுள்ள பை சிரையை நசுக்கியிருக்கக் கூடும்.

'இவ்வளவு அபூர்வமான நோய்க்கு எங்கள் நேரத்தைக் கேட்கலாமா' என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். வெளிநோயாளி வரிசை வாசல் தாண்டி நிற்கும்போது ஆளுக்கு இரண்டு நிமிடம் கிடைத்தால் அதிர்ஷ்டம். அனியூரிசம் ஒன்றுக்காக மட்டும் என்றால் இதைக் கேட்டிருக்கவே மாட்டேன். நம் பகுதியில் காலைக் கொண்டுபோகும் பெரிய நோய்கள் மூன்று: சர்க்கரை, பீடியால் வரும் பெர்கர் நோய், வயதானவர்களின் தமனி அடைப்பு. மூன்றிலும் காலின் நாடி கெடலாம். நாடி குறைந்தால் அடைப்பு, மிஞ்சினால் புடைப்பு. ஒரே விரல், ஒரே அரை நிமிடம். நூறு பேரில் பலருக்கு முதலாவதைக் கண்டுபிடிக்கும், என்றோ ஒருவருக்கு இரண்டாவதை. சர்க்கரை நோயாளியின் பாதத்தைப் பார்க்கும் வழக்கம் ஏற்கெனவே அரசுத் திட்டமாக வந்துவிட்டது. பாதத்தோடு நிறுத்தாமல் கையை முழங்கால் மடிப்புக்கும் கொண்டுபோங்கள் என்பதே கேட்பது. ஊருக்கெல்லாம் ஸ்கேன் எடுக்கச் சொல்லவில்லை. அப்படிச் செய்வது வீண் செலவு என்பதில் எனக்கும் சந்தேகமில்லை.

'விரல் பொய் சொல்லும்' என்பது அடுத்த ஆட்சேபம். சொல்லும்தான். சிறிய புடைப்பைத் தவறவிடும், ஒல்லியானவரின் நல்ல தமனியைப் பெரிதாகக் காட்டும். ஆனால் விரல் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை, சந்தேகத்தை எழுப்பினால் போதும். தீர்ப்பை ஸ்கேன் சொல்லட்டும். மேம்படுத்தப்பட்ட ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகளுக்கென்று வந்த ஸ்கேன் கருவி இருக்கிறது. அதைக் காலில் வைக்கச் சட்டம் தடுக்கிறதா என்ற தயக்கம் பலரிடம் உண்டு. 1994ஆம் ஆண்டுச் சட்டம் கருவைப் பால் பார்த்து அழிப்பதைத் தடுக்க வந்தது. கருவி பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும், தகுதியுள்ளவர் கையாள வேண்டும் என்கிறது. பதிவான கருவியால் தகுதியுள்ள மருத்துவர் ஒருவர் முழங்காலைப் பார்ப்பதில் தவறில்லை. வயிற்றுக்கான ஸ்கேன் முனை காலுக்குப் பொருத்தமானது அல்ல என்றாலும் இரண்டு சென்டிமீட்டர் பையை அது காட்டிவிடும். பை இருந்தால் மற்றக் காலையும் வயிற்றையும் அப்போதே பார்த்துவிடுங்கள். இந்த நோயாளிகளில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு இரண்டு காலிலும் இருக்கும். மூன்றில் ஒருவருக்கு மேல் வயிற்றுப் பெருந்தமனியிலும் இருக்கும். ரெஃபர் செய்யும் தாளில் இந்த மூன்று விவரமும் ஏறியிருந்தால், அந்தப் பக்கம் அதை வாங்கிப் படிக்கும் மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்தது.

இன்னொரு குரலும் எழும்: இவ்வளவு பேசுவதற்குச் சிறுவங்கூரிலேயே ரத்தநாள அறுவைப் பிரிவைக் கேட்கலாமே. கேட்பதில் தவறில்லை, ஒருநாள் வரவும் வேண்டும். ஆனால் அபூர்வ நோயின் அறுவை, ஆண்டுக்கு ஒன்றிரண்டு செய்யும் கையைவிட மாதந்தோறும் செய்யும் கையில் நன்றாக அமைகிறது. கருவியை வாங்கிவிடலாம், கைப்பழக்கத்தை டெண்டர் விட்டு வாங்க முடியாது. எனவே மாவட்டத்துக்கு முதலில் வேண்டியவை வேறு. ரத்த ஓட்டத்தைக் காதால் கேட்கவைக்கும் கையடக்க டாப்ளர் கருவி சில ஆயிரம் ரூபாய்தான். அது ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இருக்க வேண்டும். கால் சில்லிட்டு வந்தவரை ஏற்றிவிடும் முன் அறுவை மருத்துவரை நேரடியாகப் போனில் பிடிக்க வழி வேண்டும். காயமோ ரத்தக்கசிவோ இல்லாதவருக்கு ஹெப்பாரினை இங்கேயே தொடங்கலாமா என்பது அந்தப் பேச்சில் தீர வேண்டும். உறைவு கீழே பரவாமல் தடுத்து, அந்த ஒரு ஊசி வழியில் கழியும் மூன்று மணி நேரத்தைக் காப்பாற்றும். சில்லிட்ட காலுக்கு வெந்நீர்ப் பை வைக்காதீர்கள், உணர்ச்சியற்ற தோல் வெந்துபோகும். தலையணை வைத்து உயர்த்தவும் வேண்டாம். சொட்டுச் சொட்டாக இறங்கும் ரத்தமும் இறங்காது. மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியின் பொது அறுவை மருத்துவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ரத்த ஓட்டம் திரும்பிய கெண்டைக்கால் வீங்கி இறுகும்போது தசை உறையைப் பிளந்துவிடும் அறுவை உங்கள் எல்லோருக்கும் தெரிந்ததே, அதற்காக இன்னொரு ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம்.

சிறிய காரியம் ஒன்றும் இருக்கிறது. யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. அதிர்ச்சி நிலையில் கையில் ஊசி ஏறாதபோது, கணுக்காலின் உட்பக்கத்தைக் கீறி மேற்சிரையில் குழாய் போடுவது பழைய பழக்கம். மேலே சொன்ன மாற்றுப் பாதைக்கு அறுவை மருத்துவர் தேடுவது அதே சிரையைத்தான். காலின் தமனி கெட்டிருக்கும் என்று துளி சந்தேகம் இருந்தாலும் அந்தச் சிரையைத் தொடாதீர்கள். வேறு இடம் பாருங்கள். செயற்கைக் குழாய் இருக்கிறதே என்று சொல்லலாம். முழங்காலுக்குக் கீழே இறங்க வேண்டிய பாதையில் அது சிரையளவு நாள் ஓடாது.

மலையில் கட்டிக்குப் பத்துப் போடுபவர்களும், சுளுக்குக்கு எண்ணெய் வைத்து நீவுபவர்களும், எலும்புக்குக் கட்டுக் கட்டுபவர்களும் உங்களுக்கு முன்பே நோயாளியைப் பார்க்கிறார்கள். அவர்களைத் திட்டி எழுதுவது சுலபம். உறைந்த ரத்தம் நிறைந்த பையை நீவிவிட்டால் உறைவு கீழே இறங்கி ஒரே நாளில் கால் போகவும் கூடும் என்பது உண்மை. ஆனால் சீழ் என்று நினைத்துத் துடிக்கும் கட்டியைக் கீறுவது படித்த கைகளிலும் நடக்கும் தவறு. அறுவைப் பாடப் புத்தகங்கள் தலைமுறை தலைமுறையாக அதை எச்சரித்துவருவதே அதற்குச் சாட்சி. நாடி பார்ப்பதை வைத்தியத்தின் முதல் படியாகவே வைத்திருக்கும் ஊரில், துடிக்கும் கட்டியைத் தொடாமல் உங்களிடம் அனுப்பிவைக்கும்படி ஒரு நாட்டு வைத்தியரிடம் கேட்பது அவர் தொழிலுக்கு இழுக்கில்லை. விளம்பரத் தாள் ஒட்டுவதைவிட, அவர் அனுப்பிய ஒருவருக்கு என்ன ஆயிற்று என்று போய்ச் சொன்னால் அடுத்தவரை அவரே அனுப்புவார்.

பணத்தைப் பற்றியும் கேட்பார்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை இருக்கிறது. அட்டை இல்லாதவருக்கு அதை எடுத்துக்கொடுப்பது, கால் நன்றாக இருக்கும்போதே முடிக்க வேண்டிய வேலை. நள்ளிரவில் சில்லிட்ட காலோடு வருபவரிடம் வருமானச் சான்றிதழ் கேட்கும் நிலை வரக் கூடாது.

அறுவை முடிந்து திரும்பியவர் மீண்டும் உங்கள் பொறுப்பு. வைத்த சிரை முதல் இரண்டாண்டுகளில்தான் அதிகம் சுருங்கும். சுருங்குவதை முன்கூட்டியே பிடித்தால் சிறு சிகிச்சையோடு தப்பிக்கும், அடைத்த பிறகு பிடித்தால் எல்லாம் முதலிலிருந்து. தன்னார்வலர்கள் மாத்திரை கொடுக்கப் போகும் நாளில் இரத்த அழுத்தத்தோடு பாத நாடியையும் பார்த்துக் குறித்துவைக்கலாம். போன மாதம் இருந்தது இந்த மாதம் இல்லை என்றால் அன்றே தெரிவிக்கலாம். பீடி நின்றதா, ஆஸ்பிரின் தொடர்கிறதா, இன்னொரு காலின் பை எவ்வளவு அகலம், அடுத்த ஸ்கேன் எப்போது என்ற நான்கும் அவருடைய குறிப்பேட்டில் இருக்கட்டும். மலையிலிருந்து பலர் மாதக்கணக்கில் கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் எஸ்டேட் வேலைக்குப் போய்விடுகிறார்கள். போகிறவர் கையில் எந்தக் காலில், எந்தத் தமனியில், எந்தச் சிரையை வைத்து அறுவை நடந்தது என்ற தாள் இருந்தாக வேண்டும். தோட்டத்து லயத்தில் கால் மரத்துப் போனால் அங்குள்ள மருத்துவருக்கு வேறு துணை இருக்காது. அந்தத் தாளின் நகல் ஒன்றை உங்கள் நிலையத்திலும் வைத்துக்கொள்ளுங்கள். மழையில் நனைந்ததென்று அவர் சொல்லிக்கொண்டு திரும்பி வரலாம்.